சும்மா நின்றவர்களுக்கு வேலை கொடுத்தவள்

“கழுத்தப் புடிங்க நானா, கழுத்த! இப்பிடித் தூக்குனா அந்த மனுசன் செத்துப் போவான்!”

அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். எங்கள் ஊரில் முஸ்லிம் ஆண்களை அண்ணன் முறையில் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மனுசன் என் கடை டீவிக்குள் இருந்தான். ஒரு பேக்கரிக்காரன். தலை மாவு வாளிக்குள் மாட்டிக்கொள்ள, காலை உதறிக்கொண்டு கிடந்தான். நானும் பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேரும் அவனை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குக் கால் மணி நேரமாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தோம். ஸ்ட்ரெச்சரில் ஏற்றுவோம். அம்புலன்ஸ் முதல் வளைவில் திரும்பும். பின்கதவு திறந்துகொள்ளும். பேக்கரிக்காரன் வாளியோடு உருண்டு போய் ஆற்றில் விழுவான். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம்.

அவள் சிரிக்கவில்லை. கண்ணாடி உடைந்த போனைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகில் நின்றாள். உடுத்தியிருந்தது அம்புலன்ஸ் சேவையின் சீருடை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

“கேம்தானே தங்கச்சி,” என்றேன்.

“தெரியுது நானா. அதுக்காகப் பின்கதவப் பூட்டாம ஓட்டுவீங்களா?” மேசையில் கிடந்த நாலாவது கன்ட்ரோலரை எட்டிப் பார்த்தாள். “இது யாரோடது?”

“யாரோடதும் இல்ல. மூணு பேருதான் இருக்கோம்.”

“நாலு பேரு செய்யிற வேலை. ஒண்ணு சும்மா கெடக்கு. அப்பறம் அந்தாளு எப்பிடிப் பொழைப்பான்?”

போனை என்னிடம் நீட்டிவிட்டு, கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். எந்தப் பொத்தான் எதற்கு என்று ஒரே ஒருமுறை கேட்டாள். பிறகு எங்களுக்கு வேலை பிரித்தாள். ஒருவர் ஓட்ட வேண்டும், ஒருவர் கதவைப் பிடிக்க வேண்டும், ஒருவர் பாலத்தை இறக்க வேண்டும். பேக்கரிக்காரனின் தலைமாட்டில் அவளே நின்றாள். சற்று நேரத்தில் அவன் ஆஸ்பத்திரி வாசலில் எழுந்து நின்று, வாளியைக் கழற்றி, எங்களுக்கு ஒரு கும்பிடு போட்டான். அந்தக் கும்பிட்டை நாங்கள் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

என் கடை பதுளை பஜாரில், வாப்பாவின் துணிக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. போனும் கம்ப்யூட்டரும் பழுதுபார்ப்பதுதான் தொழில். மூலையில் ஒரு பெரிய டீவியும் நாலு கன்ட்ரோலரும் வைத்திருந்தேன். வியாபாரம் மந்தமான பின்னேரங்களில் பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து விளையாடுவார்கள். அந்த அம்புலன்ஸ் கேம் சிரிப்பதற்கென்றே செய்தது. நாலு பேர் சேர்ந்து ஓர் அம்புலன்ஸ் குழு. ஒவ்வொரு கட்டத்திலும் யாராவது ஒரு கோமாளித்தனமான இடத்தில் மாட்டிக்கொண்டிருப்பார்கள். வழி புதிர்மாதிரி அடைபட்டிருக்கும். ஒருத்தர் மட்டும் கெட்டிக்காரராக இருந்தால் அதில் பிரயோசனம் இல்லை. ஸ்ட்ரெச்சரைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வேகமாக ஓடினால் நோயாளி மற்றவர் பக்கமாக வழுக்கி விழுந்துவிடுவார்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையான அவள் இப்போது பதுளையில் இல்லை. வேறொரு மாகாணத்தில், புதிதாக அம்புலன்ஸ் வேலைக்குச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். கடைக்கு வருகிறவர்களிடம், “அந்த ஸ்பிரிங்வெளிப் பிள்ளை எங்கட கடையில வந்து விளையாடினவதான்” என்று நான் சொல்லாத வாரம் இல்லை. சொல்லும்போது என் குரல் சற்று உயர்ந்துவிடுகிறது என்று என் மனைவி சொல்கிறாள். உயரட்டுமே.

அவளைத் தெரிந்தவர்கள் யாரைக் கேட்டாலும் ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்கள். அவள் இருக்கும் இடத்தில் யாரும் சும்மா நிற்க முடியாது. அதட்டமாட்டாள். கூட்டத்தை விரட்டமாட்டாள். ஓர் ஆளை ஏற இறங்கப் பார்ப்பாள். உயரம், கை, காலில் செருப்பா சப்பாத்தா, முகத்தில் பயமா துணிச்சலா என்று. பிறகு அந்த ஆளுக்குப் பொருந்துகிற ஒரு வேலையைக் கையில் கொடுப்பாள்.

என் மனைவிதான் அதில் முதலில் மாட்டியவள். நான் மாடியில் விளையாடுவது அவளுக்குக் கட்டோடு பிடிக்காது. ஒரு பின்னேரம் படியேறி வந்து, “டீ ஆறிப் போகுது, வாங்கொ” என்று வாசலில் நின்று முறைத்தாள். டீவியை விட்டுக் கண்ணை எடுக்காமலே, அவளை அக்கா முறையில் கூப்பிட்டு இவள் சொன்னாள்: “ராத்தா, அந்த மூலையில சின்னதா ஒரு மெப் தெரியுதா? செகப்புப் புள்ளி எந்தப் பக்கம் போகுதுன்னு மட்டும் சொல்லுங்க. எங்க நாலு பேருக்கும் பார்க்க நேரமில்ல.”

“எனக்கு இதெல்லாம் தெரியாது.”

“செகப்பு தெரியும்தானே?”

மனைவி அன்று டீயைத் திரும்ப எடுத்துக்கொண்டு கீழே போகவில்லை. அடுத்த மாதம் எங்கள் நாலு பேரில் அவள் ஒருத்தி. பக்கத்துக் கடைக்காரர்களை ஓரமாக உட்காரவைத்துவிட்டோம். நாலாவது ஆள், இவளோடு அம்புலன்ஸ் ஓட்டும் சாரதி. பசறைப் பக்கத்துச் சிங்களவர். எங்களுக்கு எல்லாம் அவர் ‘ஐயே’தான்; சிங்களத்தில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நிஜ ரோட்டில் ஒரு குலுக்கல் இல்லாமல் ஓட்டுகிற மனுசன், கேமில் மட்டும் வண்டியை வாழைத்தோட்டத்துக்குள் விட்டுவிடுவார்.

அம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேருக்கும் ஓய்வு வருகிற நாட்களில் நாலு மணிக்கு ஆரம்பித்தால் ஆறு மணிக்கு எழும்புவோம். ஒரு கட்டத்தில் மட்டும் நாங்கள் மாதக்கணக்கில் கிடந்தோம். நடுவில் ஒரு சேற்றுக்குளம். அக்கரையில் அம்புலன்ஸ், இக்கரையில் கல்யாண வீட்டில் மயங்கி விழுந்த மாப்பிள்ளை. சேற்றில் கால் எடுத்து வைத்து நடந்தால் இடுப்புவரை புதைந்துவிடும். நாங்கள் ஓடிப் பார்த்தோம், குதித்துப் பார்த்தோம், மாப்பிள்ளையைத் தூக்கி எறிந்தும் பார்த்தோம். அவர் கோட்டும் மாலையுமாகச் சேற்றில் தலைகுப்புற நிற்பார். ஐயே சிரித்துச் சிரித்து ஸ்டூலில் இருந்து விழுந்திருக்கிறார்.

அதைக் கண்டுபிடித்தது அவள்தான். ஒருநாள் விளையாட்டை நிறுத்திவைத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: “நடந்தாத்தானே பொதையுது? நிக்கிறவன் பொதையலியே. அப்ப நாம நடக்க வேணாம். மாப்புள மட்டும் நடக்கட்டும்.”

நாங்கள் நாலு பேரும் சேற்றில் வரிசையாக நின்றோம். மாப்பிள்ளையைக் கைக்குக் கை மாற்றினோம். அக்கரையில் அவர் எழுந்து மாலையைச் சரிசெய்துகொண்டபோது என் மனைவி போட்ட சத்தத்தில், கீழே துணி வாங்க வந்தவர்கள் பயந்துபோய்விட்டார்கள்.

வேலையில் அவள் எப்படி என்று நான் நேரில் பார்த்தது, வெலிமடையில் இருந்து வந்த மரக்கறி லொறி ஒன்று டவுனுக்கு வெளியே புரண்ட அன்று. நான் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ரோட்டெல்லாம் லீக்ஸும் கரட்டும். ஓரத்தில் நடந்து வந்த ஓர் அம்மாவின் கால் லொறிக்குக் கீழே. அம்புலன்ஸ் வந்து நின்றபோது நூறு பேராவது சூழ்ந்திருப்பார்கள். பாதிப்பேர் கையில் போன்.

அவள் இறங்கி அந்த அம்மாவின் பக்கத்தில் மண்டியிட்டாள். கையை வேலையில் வைத்துக்கொண்டே தலையை நிமிர்த்தி, வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம், “அண்ணே, நல்லா எடுக்குறீங்க. அப்பிடியே ரோட்டுப் பக்கம் திரும்பி நின்னு எடுங்க. வர்ற வண்டிய எல்லாம் கையக் காட்டி நிப்பாட்டிட்டு எடுங்க” என்றாள். அந்த ஆள் ஓடிப்போய் நடுரோட்டில் நின்றார். பிறகு அவர் படம் எடுக்கவே இல்லை. வண்டி நிறுத்துவதே பெரிய வேலையாகிவிட்டது. நாலு பேரை மரக்கறி ஒதுக்கச் சொன்னாள், ஸ்ட்ரெச்சர் வழுக்காமல் இருக்க. வெயில் அந்த அம்மாவின் முகத்தில் அடித்தது. போக்குவரத்துப் பொலிஸ்காரர் ஒருவர் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். அவர் கையில் யாருடைய குடையையோ வாங்கிக் கொடுத்தாள். “சேர், நீங்கதான் நல்ல ஒசரம். இவங்க கண்ணுல வெயில் படாம பார்த்துக்கங்க.” பூப்போட்ட ரோஸ் நிறக் குடை. அவர் சல்யூட் அடிப்பதுபோல நிமிர்ந்து நின்று அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு லீக்ஸ் பொறுக்கும் வேலை.

பிறகு ஒருநாள் கேட்டேன், இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று. கன்ட்ரோலரின் பட்டனைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

“எங்கப்பா மரத்துல இருந்து விழுந்தாரு நானா. தேயிலைக்கு நிழல் மரம் இருக்குல்ல, அதுல கெளை வெட்ட ஏறி. எனக்கு ஒம்போது வயசு. லயத்து வீடுகள்ல இருந்த சனமே ஓடி வந்துச்சு. எல்லாரும் சுத்தி நின்னு அழுதாங்க. யாரும் கெட்டவங்க இல்ல. ஒவ்வொருத்தரும் அப்பாவுக்காக எதையும் செஞ்சிருப்பாங்க. என்னா செய்யணும்னு சொல்லத்தான் ஆளில்ல. கடைசியில கையக் காலப் புடிச்சு லொறியில தூக்கிப் போட்டாங்க. முதுகெலும்பு அங்கதான் போச்சு. மரத்துல இருந்து விழுந்ததுல போகலயாம், தூக்குனதுல போச்சாம். அவரு இன்னமும் உக்காந்தேதான் இருக்காரு.”

கன்ட்ரோலரை நிமிர்த்திப் பிடித்தாள். “வாங்க, மாப்புளயத் தூக்குவோம்” என்றாள்.

ஆனால், வேலை கொடுப்பது எப்போதும் நல்லதாகவே முடிவதில்லை. அது செல்வராஜ் விஷயத்தில் தெரிந்தது.

செல்வராஜ் ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். ஆறடி மனுசன், பேச்சு குறைவு. அந்த ரோட்டில் ஒரு வளைவில் பைக்கோடு விழுந்து கிடந்த ஒருவரைக் கண்டு வேனை நிறுத்தியிருக்கிறார். அம்புலன்ஸ் வந்ததும் அவள் அவர் கையில் ஒரு துணியைக் கொடுத்து, தொடையில் ரத்தம் வருகிற இடத்தைக் காட்டி, “இத அழுத்திப் புடிங்க, நான் சொல்ற வரைக்கும் எடுக்காதீங்க” என்றிருக்கிறாள். அவர் வேனை ரோட்டிலேயே விட்டுவிட்டு அம்புலன்ஸில் ஏறி, பதுளை வரை அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். பைக்கில் வந்தவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த கையோடு இறந்துபோனார்.

இரண்டு மாதம் கழித்துச் செல்வராஜ் என் கடைக்குப் போன் சார்ஜர் வாங்க வந்தார். வாங்கிவிட்டும் போகவில்லை. வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நான் கொஞ்சம் அழுத்தமாப் புடிச்சிருந்தா அந்தாளு பொழைச்சிருப்பாரு நானா,” என்றார்.

அன்று பின்னேரம் அதை அவளிடம் சொன்னேன். டீவியில் அவள் தூக்கிக்கொண்டிருந்த நோயாளி நழுவி விழுந்தார். அவள் எடுக்கவில்லை. ஐயேகூடச் சிரிக்கவில்லை. வந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு செல்வராஜ் வீட்டுக்குப் போனாள்.

“அண்ணே, நீங்க அழுத்துன எடத்துல ரத்தம் நின்னுருச்சு. டொக்டரே சொன்னாரு,” என்றாள். “அவரு வயித்துக்குள்ள அடி. உள்ளுக்குள்ளயே ரத்தம் போயிருக்கு. அத உங்க கையாலயும் நிப்பாட்ட முடியாது, என் கையாலயும் முடியாது.”

செல்வராஜ் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். கடைசியில் அவர், “நீங்க நல்ல மனசுல சொல்றீங்க. ஆனா இனிமே என்னைய எதுக்கும் கூப்புடாதீங்க” என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். டவுன் நெருங்கும்போது சொன்னாள்: “நான் அவருக்கு வேலையக் குடுத்தேன் நானா. முடிஞ்சிருச்சு, கைய எறக்குங்கன்னு சொல்லவே இல்ல. அவரு இன்னும் புடிச்சிக்கிட்டே இருக்காரு.”

அதற்குப் பிறகு அவளிடம் ஒரு புதுப் பழக்கம் வந்தது. ரோட்டில் யாரிடம் எந்த வேலையைக் கொடுத்தாலும், பெயரையும் போன் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்வாள். இரண்டு மூன்று நாளில் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்வாள். நல்லது என்றால் போனில். கெட்டது என்றால் நேரில். பழைய ஆட்களையும் விடவில்லை. ரோஸ் குடை பிடித்த பொலிஸ்காரர் என் கடைக்கே ஏறி வந்து, அந்த அம்மா கம்பு ஊன்றி நடக்கிறாராம் என்று, தன் சொந்தத் தாயைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வருஷக் கடைசி மழையில் மண் சரிந்தது.

மூன்று நாள் விடாமல் பெய்துவிட்டு அன்று காலைதான் வானம் வெளித்திருந்தது. ஸ்பிரிங்வெளிப் பக்கத் தோட்டம் ஒன்றின் பாடசாலையில் கம்ப்யூட்டர் பழுதென்று நான் மேலே போயிருந்தேன். பத்து மணி இருக்கும். பெரிய லொறி ஒன்று கல்லைக் கொட்டியதுபோலச் சத்தம். வெளியே வந்து பார்த்தால், பாடசாலைக்குக் கீழே ரோடு இல்லை. இரண்டு பஸ் நீளத்துக்குச் சிவப்புச் சேறு. அதன்மேல் வேரோடு பிடுங்கிய தேயிலைச் செடிகள். யாரும் அகப்படவில்லை என்று எல்லோரும் பெருமூச்சு விட்டோம். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, லயத்தில் இருந்து ஆள் ஓடி வந்தது. சாந்தி என்ற பெண்ணுக்கு எட்டு மாதம். புருஷன் கொழும்பில் கடை வேலையில். திடீரென்று ரத்தம் போகிறது, நிற்கவில்லை.

அம்புலன்ஸ் வந்தது. ஆனால் சரிவுக்கு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஐயே வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். பையும் மடக்கு ஸ்ட்ரெச்சரும் தோளில் போட்டுக்கொண்டு, அவள் மேல் மலை வழியாகத் தேயிலைச் செடிகளைப் பிடித்துப் பிடித்து ஏறிச் சுற்றி வந்தாள். வந்து சேர்ந்தபோது முழங்கைவரை கீறல். ஒருத்தி தவழ்ந்து வந்த அந்தப் பாதையில் ஸ்ட்ரெச்சர் போகவே முடியாது.

சாந்தியைப் பாடசாலை வாசலுக்குக் கொண்டுவந்து, இடது பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, சேலைன் ஏற்றினாள். முகத்தைப் பார்த்தே எனக்கு விளங்கியது, நேரம் இல்லை என்று. சுற்றிலும் மலைக்குப் போகாமல் நின்ற சனம். கொழுந்து பறிக்கிற பெண்கள், செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக்காரர்கள், பெற்றோர்கள். சின்னத்துரையும் இருந்தார். தோட்டத்தின் உதவி முகாமையாளர். சிங்களவர், வேலைக்கு வந்து தமிழ் பழகியவர். மண் அள்ளும் இயந்திரத்துக்காக யார் யாருக்கோ போன் எடுத்துக் கத்திக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்து நின்று எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

“பழனியாண்டி மாமா, இந்த மண்ணு உங்களுக்குத்தான் தெரியும். இன்னும் எறங்குமா?”

பழனியாண்டி கங்காணி, கையில் நீளக் கம்பு. சேற்றைக் குத்திக் குத்திப் பார்த்தார். “மேல இருந்து இன்னமும் வரலாம். கீழ்ப்பக்கம், ரோட்டுத் தண்ணிக் கான் ஓரமா, முழங்காலுக்குக் கீழ தரை தட்டுது. நடுவுல மட்டும் ஒரு குழி. ஆனா நடந்தா கால் மேல ஏறாதும்மா, இழுத்துரும்.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். “நானா, மாப்புள ஞாபகம் இருக்கா?”

கேமில் சேற்றுக்குளத்தில் நாங்கள் வரிசையாக நின்றது கண்முன் வந்தது. “யாரும் நடக்க வேணாம்,” என்றேன்.

“யாரும் நடக்க வேணாம்!” என்று அவள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். “ரெண்டு வரிசையா, எதிரும் புதிருமா, கால ஊனி அசையாம நிக்கணும். சாந்தி மட்டுந்தான் போகும். கைக்குக் கை.”

விளையாட்டு டீச்சரைப் பாறைமேல் நிறுத்தி, மேல் மண்ணை மட்டும் பார்க்கச் சொன்னாள். அசைந்தால் விசில், விசில் கேட்டால் எல்லோரும் கீழ்ப்பக்கம் ஒதுங்க வேண்டும். கங்காணி கம்பால் கோடு காட்டினார். ஒவ்வொருவராக உயரம் பார்த்து ஜோடி சேர்த்துச் சேற்றில் இறக்கினாள். அந்தோனியம்மா, நாகம்மா என்ற இரண்டு பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்துக் கொடுத்தார்கள். நனையாமல் இருக்கக் கட்டுகிற அந்தத் தடித்த சாக்கைச் சாந்திக்குப் போர்த்திக் கட்டினாள்.

பிறகு சின்னத்துரையிடம் போனாள். “தொரை, போன பையில போடுங்க. இதப் புடிங்க.” சேலைன் போத்தலை அவர் கையில் வைத்தாள். “இவங்க நெஞ்சுக்கு மேல ஒசத்தியே இருக்கணும். எல்லாரும் நிப்பாங்க, நீங்க மட்டும் என்கூடவே வரணும்.”

தோட்டத்தில் துரைக்கு யாரும் வேலை சொன்னதில்லை. அவர் போத்தலைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார். “சரி,” என்றார்.

செல்வராஜ் எல்லோருக்கும் பின்னால், பாடசாலைச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கைகளும் ஜேர்சிப் பைக்குள். அவள் நேரே அவரிடம் போனாள்.

“அண்ணே, நடுவுல குழி. அங்க ஒசரமானவங்க வேணும்.”

“என் கை சரிவராது. ஒங்களுக்கே தெரியும்.”

“எனக்குத் தெரியும். அதுனாலதான் வந்து கேக்குறேன்.” குரலைத் தாழ்த்தினாள். “இந்தத் தடவ, எறக்கலாம்னு நானே வந்து சொல்றேன். அதுவரைக்கும் புடிங்க.”

அவர் கைகளை வெளியே எடுத்தார்.

நான் அவருக்கு அடுத்த இடத்தில் நின்றேன். சேறு ஐஸ்போல. காலை ஊன்றி நிற்பதே ஒரு வேலை. ஸ்ட்ரெச்சர் கரையில் இருந்து புறப்பட்டது. முதல் ஜோடியின் கையில் இருந்து இரண்டாவதுக்கு, மூன்றாவதுக்கு. “வாங்கிட்டேன்”, “விடுங்க”, “வாங்கிட்டேன்”, “விடுங்க”. அந்தச் சத்தம் மட்டும் வரிசை நெடுக நகர்ந்து வந்தது. பக்கத்தில் சின்னத்துரை போத்தலைத் தலைக்கு மேல் உயர்த்திக்கொண்டு, ஒவ்வொரு காலாகப் பிடுங்கிப் பிடுங்கி நடந்தார். பாதியில் ஒரு பூட்ஸ் சேற்றோடு போய்விட்டது. குனிந்துகூடப் பார்க்கவில்லை.

குழிக்கு வந்தது. செல்வராஜ் இடுப்பளவு சேற்றில் நின்றார். கைகளைத் தோளுக்கு மேல் உயர்த்தி ஸ்ட்ரெச்சரை வாங்கினார். கை ஆடவில்லை. சாந்தி கண்ணைத் திறந்து, தலைக்கு மேலே வானத்தையும் அவர் முகத்தையும் பார்த்தாள். பிறகு என் கைக்கு வந்தாள். ஒரு மனுசியின் கனம் என் விரல்களில் ஏறி, இறங்கி, அடுத்தவர் கைக்குப் போய்விட்டது.

ஸ்ட்ரெச்சரை ஒட்டி வந்துகொண்டிருந்த அவள், குழியைத் தாண்டியதும் ஒரு நொடி நின்றாள். அந்த நேரத்தில் ஒரு நொடி எவ்வளவு பெரிது என்று அவளுக்குத்தான் தெரியும்.

“செல்வராஜ் அண்ணே, முடிஞ்சிச்சு. நல்லாப் புடிச்சீங்க. கைய எறக்குங்க.”

அப்போதுதான் பார்த்தேன். ஸ்ட்ரெச்சர் போன பிறகும் அவர் கைகள் மேலேயே இருந்தன. மெதுவாக இறக்கினார். அந்த ஆறடி மனுசன் சேற்றில் நின்றபடியே தேம்பித் தேம்பி அழுதார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அக்கரையில் ஐயே கதவைத் திறந்து வைத்திருந்தார். வண்டி கிளம்பி வளைவில் மறையும்வரை நாங்கள் யாரும் சேற்றைவிட்டு ஏறவில்லை.

சாந்தி பிழைத்தாள். பெண் குழந்தை. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். சின்னப் பிள்ளை என்பதால் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள்.

மறுநாள் பின்னேரம் அவள் கடைக்கு வந்தாள். கையில், நடந்ததை எழுதிக் கொடுக்கிற அறிக்கைப் படிவம். விளையாடும் முகம் இல்லை.

“மேலதிகாரி சொல்றாரு, ‘பொதுமக்களின் உதவியுடன்’னு ஒரு வரி எழுதிட்டா போதுமாம். பொதுமக்கள்னு யாரு நானா இருக்கா? ஒவ்வொருத்தருக்கும் பேரு இருக்கே.” ஸ்டூலை இழுத்துப் போட்டாள். “எனக்குப் பாதிதான் தெரியும். நீங்களும் சொல்லுங்க. ராத்தா எழுதட்டும், அவங்க கையெழுத்துத்தான் அழகு.”

போன் போட்டுப் போன் போட்டு எல்லாப் பெயரையும் சேர்த்தோம். முப்பத்து நாலு பேர். யார் முந்தி, யார் பிந்தி என்று வரக் கூடாது என்பதற்காக அகர வரிசையில் எழுதச் சொன்னாள். “ஒங்க பேரு?” என்று மனைவி கேட்டதற்கு, “நான் சம்பளத்துக்குப் போனவ ராத்தா” என்று சிரித்துவிட்டாள். பிரதி ஒன்றைப் படிவத்தோடு குத்தி அனுப்பினாள். மேலதிகாரி முணுமுணுத்தாராம், ஆனால் கழற்றவில்லை.

இன்னொரு பிரதியை எடுத்துக்கொண்டு, அடுத்த நாள் காலை தோட்டத்துக்குப் போனோம். ரோட்டை ஒரு வண்டி போகிற அளவுக்குத் திறந்திருந்தார்கள். பெரட்டு நேரம். வேலைக்குப் போகுமுன் எல்லோரும் ஒரு களத்தில் கூடி நிற்க, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, யார் யார் எந்த மலைக்கு என்று பிரிக்கிற நேரம். செல்வராஜும் வேனை நிறுத்திவிட்டு வந்து நின்றார். சின்னத்துரை கையில் பெயர்ப் புத்தகத்தோடு வழக்கமான இடத்தில் நின்றார். அவரிடம் போய், “அஞ்சு நிமிசம் குடுங்க தொரை” என்று கேட்டுக்கொண்டு, அவள் முன்னால் வந்தாள்.

“சாந்தி நல்லா இருக்கா. நேத்து கஞ்சி குடிச்சா. புள்ள ஒண்ணே முக்கால் கிலோ. அழுகுது, நல்லா சத்தமா அழுகுது.” களத்தில் சிரிப்பும் அழுகையுமாக ஒரு சலசலப்பு. “அன்னிக்கு யாரு யாரு கொண்டு வந்து சேர்த்தாங்கன்னு எழுதிக் குடுத்திருக்கேன். வாசிக்கிறேன். வேலைக்குப் பேர் கூப்புடுறப்ப சொல்றமாதிரியே சொல்லுங்க. விட்டுப்போயிருந்தா கைய ஒசத்துங்க. அந்தோனியம்மா.”

“இருக்கேன்.”

“கலைச்செல்வி.”

“இருக்கேன்.”

“கிட்ணன்.”

“இருக்கேங்க.”

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகம் நிமிர்ந்தது. “செல்வராஜ்” என்றபோது, “இருக்கேன்” என்று களத்தின் கடைசிவரை கேட்டது. அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

“நாகம்மா.”

“இருக்கேன்.”

“நுவன்.”

ஒரு சத்தமும் இல்லை. அந்தப் பெயரை அந்தக் களத்தில் யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட அப்படி ஒரு பெயர் இருப்பதே பலருக்குத் தெரியாது. எல்லோரும் மெல்லத் திரும்பிச் சின்னத்துரையைப் பார்த்தார்கள். அவர் பெயர்ப் புத்தகத்தை மூடினார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். இரண்டு அடி நடந்து, சனத்தோடு சனமாக வந்து நின்றார்.

“இருக்கேன்,” என்றார்.

அவள் தாளில் இருந்து கண்ணை எடுக்காமல் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். பழனியாண்டி. என் பெயர் வருவதற்கு இன்னும் ஏழு பேர் இருந்தார்கள். நான் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றேன்.